அறுநூற்று நாற்பது டாலர் பள்ளிக்கூடம்

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நாற்பது பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவன் டேல் கோப்பன்ஹேவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் ஹெஸ்டர்வில்லில் ஆண்டுதோறும் மே மாதம் இப்படி ஒரு கூட்டம் போடும். புதிதாக இதில் இறங்க நினைப்பவர்களின் பயத்தைப் போக்க, அனுபவப்பட்ட ஒரு குடும்பம் எழுந்து நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் கோப்பன்ஹேவர்களின் முறை. சொல்லியிருக்க வேண்டியவள் டேலின் மனைவி வெர்னா. பேச ஆசைப்பட்டவன் டேல் என்பதால் அவள் காப்பிப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"ரெண்டு பொண்ணுங்க. வருஷத்துக்கு எல்லாம் சேத்து அறுநூத்து நாப்பது டாலர். புத்தகம், பரீட்சை, ஜூன் மாசம் வந்து மதிப்பீடு பண்ற டீச்சருக்குக் குடுக்கறது, எல்லாமே அதுல அடக்கம். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவழிக்குது தெரியுமா? பதினெட்டாயிரம்."

கூடத்தில் வியப்பொலி எழுந்தது. முன் வரிசையில் ஒருவர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். வெர்னா காகிதக் கோப்பைகளில் காப்பி ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டாள். எண்ணில் பிழையில்லை. ரசீதுகளை உறையில் போட்டு வைத்தவளே அவள்தான். டேல் கூட்டியிருந்தான், கூட்டலும் சரி. அப்படியிருந்தும் பொய்யைக் கேட்டதுபோல அவளுக்குக் காது எரிந்தது. ஒவ்வொரு இலக்கமும் சரியாக இருக்கிற ஒரு கணக்கு எப்படிப் பொய்யாகும் என்று கேட்டிருந்தால் அவளால் அப்போது சொல்லியிருக்க முடியாது.

வயிற்றில் பிள்ளையோடு ஓர் இளம்பெண் காப்பிக்கு வந்தாள். டேலின் பேச்சில் மயங்கிப் போயிருந்தாள். வெர்னாவிடம், இதற்கு முன்னால் வேலைக்குப் போனதுண்டா என்று கேட்டாள்.

"பல் டாக்டர்கிட்ட இருந்தேன். ஊர்ல இருக்கிறவங்க பல்லை எல்லாம் பன்னெண்டு வருஷம் சுரண்டிச் சுத்தம் பண்ணினேன்."

"இப்போ?"

"இப்போ பின்னத்தோட மல்லுக்கட்டறேன். சர்க்கரை அந்தப் பக்கம் இருக்கு."

வெர்னாவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஊரின் தீவன ஆலையில் மூட்டை எடைபோட்டவரின் மகள். பள்ளி முடித்து, ஹாரிஸ்பர்க்கில் இரண்டு வருஷம் பல் சுத்திகரிப்புப் படித்து, அரசுத் தேர்வெழுதி உரிமம் வாங்கி, டாக்டர் லென்ட்ஸின் சிறிய மருத்துவமனையில் சேர்ந்தவள். வேலையை அவள் நேசித்தாள் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் ஒரு வாயைத் திறந்து பார்த்த முதல் நிமிஷத்தில் அந்த மனிதர் எவ்வளவு தூரம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தெளிவு அவளுக்குப் பிடித்திருந்தது. டேலையும் அந்த நாற்காலியில்தான் சந்தித்தாள். இருபத்து நான்கு வயது, பிரெட்சல் என்னும் உப்பு முறுக்குக் கம்பெனியின் வண்டி ஓட்டுகிறவன், கன்னம் வீங்கி வந்தான். ஈறு மோசமாக இருந்தது. பேச்சு நன்றாக இருந்தது. ஒரு வருஷத்தில் கல்யாணம்.

மூத்தவள் கிரெட்டாவுக்கு ஆறு வயதானபோது ஊருக்குள் இருந்த நான்கறைப் பள்ளியை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் பதினோரு மைல் தள்ளி, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், சிறுவர் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் ஒன்றாக இருக்கும் பெரிய வளாகத்துக்குப் போக வேண்டும். ஊர் ஊராகச் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஐம்பது நிமிஷம். கிரெட்டா தினமும் அந்த பஸ்ஸில் வாந்தியெடுத்தாள். டேல் ஒரு மாதம் பார்த்தான். பிறகு ஒரு நாள், அந்தக் கட்டிடத்துக்குள் தன் பெண் போகவே வேண்டாம், ஒரு வருஷம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றான். கட்டிடத்தை அவன் சொன்ன தொனி வெர்னாவின் மனதில் நின்றது. அவன் படித்ததும் அங்கேதான். பெண்ணின் மேல் உள்ள பாசம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பாசமும் இருந்திருக்கும்.

ஒரு வருஷம் ஏழு வருஷமாயிற்று. சின்னவள் லிடியாவும் அதே மேசைக்கு வந்து சேர்ந்தாள். அந்தச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் சாப்பிட்டு ஏழு வருஷம் ஆகிறது. சமையலறை ஓரத்தில் நான்கு முக்காலிகளில் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மேசையில் பூகோளம், பசை, பாதி அறுத்த தவளை. அவர்கள் மாநிலத்தில் வீட்டுப் படிப்பு என்றால் விளையாட்டில்லை. வருஷத்துக்கு நூற்றெண்பது நாள், நாளுக்கொரு பதிவு, படித்த புத்தகங்களின் பட்டியல், வருஷக் கடைசியில் மதிப்பீட்டாளர், அவர் எழுதும் கடிதம், அதைக் கொண்டுபோய்ப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கொடுப்பது. இது போதாதென்று வெள்ளிக்கிழமைகளில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுவகுப்பு. அங்கே பிறத்தியார் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு மனித உடலமைப்பு நடத்தினாள் வெர்னா. அவளுக்குப் பல்லுக்குக் கீழே அவ்வளவாகத் தெரியாது. முந்தின ராத்திரி படித்துக்கொண்டு போய் மறுநாள் சொன்னாள்.

இதையெல்லாம்விட அவளை வதைத்தது ஒன்று உண்டு. அது டேலின் பள்ளி வரி.

ஜூலை முதல் வாரம் வரிச்சீட்டு வரும். பிள்ளைகளை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், வீடு வைத்திருப்பவர் எல்லாரும் கட்ட வேண்டும். கோப்பன்ஹேவர்களுக்கு மூவாயிரத்து எண்ணூறு. ஆகஸ்டுக்குள் கட்டினால் நூற்றுக்கு இரண்டு தள்ளுபடி. டேல் அந்தச் சீட்டை மரண அறிவிப்பைப் படிப்பது போலப் படிப்பான். இவ்வளவு கட்டிவிட்டு ஒன்றும் வாங்கவில்லையே என்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சட்டத்தில் இடமிருக்கிறது, வீட்டில் படிக்கிற பிள்ளைகள் மாவட்டப் பள்ளியில் இசைக்குழுவில் சேரலாம், விளையாட்டில் சேரலாம், ஒன்றிரண்டு வகுப்பில் உட்காரலாம், பாடப்புத்தகங்களை இரவல் கேட்டால் தந்தாக வேண்டும். கட்டிய காசை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்கலாம்.

எடுக்கத் தொடங்கினார்கள். கிரெட்டாவுக்கு டிராம்போன். லிடியாவுக்கு நீச்சல். அந்தக் கட்டிடத்துக்குள் பெண் போகக் கூடாது என்று சொன்னவன் இதற்குச் சொன்ன சமாதானம், இது உள்ளே போவது ஆகாது, வாங்கிக்கொண்டு வருவது என்பது.

காலை ஆறு ஐம்பதுக்கு மஞ்சள் பஸ் அவர்கள் வீட்டு வாசலில் சிவப்பு விளக்கை மினுக்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை ஏற்றிக்கொண்டு போகும். ஓட்டுநர் வெர்னாவுக்குக் கையசைப்பார். ஆனால் இசைக்குழு வகுப்பு பத்து நாற்பதுக்கு. அந்நேரத்துக்கு எந்த பஸ்ஸும் இல்லை. ஆகவே வெர்னா பதினோரு மைல் ஓட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியும்வரை வாகன நிறுத்தத்தில் காத்திருந்து, பதினோரு மைல் திரும்பி வருவாள். மூன்றரைக்கு மறுபடி நீச்சல். லிடியா வண்டியின் முன்பலகையில் நோட்டை வைத்து வகுத்தல் போடுவாள். மழைக்காலத்தில் கண்ணாடி வியர்த்து, உள்ளே ஈரத் துண்டும் டிராம்போன் எண்ணெயும் கலந்து நாறும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த அம்மாக்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே வந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காத வெர்னா தினம் இரண்டு தடவை வந்தாள். பள்ளிச் செயலர் அவளை ஊழியர் என்று நினைத்து ஒரு நாள் உணவுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பதில் சொல்லத் தெம்பில்லாமல் அவளும் போய் இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டாள்.

பெட்ரோல் செலவு அறுநூற்று நாற்பதில் சேராது. வண்டி எப்படியும் ஓடத்தானே செய்யும் என்பது டேலின் வாதம். பகலெல்லாம் வீட்டில் எரியும் வெப்பமூட்டியும் சேராது. பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும் காலை உணவை இரண்டு பெண்களும் வீட்டில் மூன்று தடவை சாப்பிடுவதும் சேராது. வெர்னா ஒரு தடவை இதையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். நீ எப்போதும் குறையே பார்க்கிறாய் என்றான். அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொல்லாததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை. அது வேறு வழிகளில் வந்தது, கதவைச் சாத்துவதில், முட்டையை உடைப்பதில்.

ஜூலைக் கடைசியில் டாக்டர் லென்ட்ஸ் தானே தொலைபேசியில் கூப்பிட்டார். அவரிடம் இருந்த பெண் ஊரை விட்டுப் போகிறாள். செவ்வாய், புதன், வியாழன், நாளுக்கு எட்டு மணி நேரம், மணிக்கு நாற்பத்தொரு டாலர். வெர்னாவின் உரிமம் உயிரோடிருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். இரண்டு வருஷத்துக்கொரு தடவை பாடங்கள் படித்து, கட்டணம் கட்டி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அதைச் சாகவிடாமல் வைத்திருந்தாள். அதுவும் டேலின் கணக்கில் இல்லை; அவள் சொந்த ஆசை என்ற தலைப்பில் போய்விட்டிருந்தது. வேறொரு பெண்ணும் கேட்டிருக்கிறாள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார் டாக்டர்.

கோடையிலும் நடந்த நீச்சல் பயிற்சி முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே வெர்னா ஒரே ஒரு பெருக்கல் போட்டாள். இரண்டு நாள் வேலைக்கு அறுநூற்று ஐம்பத்தாறு. மூன்றாவது நாளை அவள் பெருக்கவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். மே மாதம் கூடத்தில் காது எரிந்ததற்குக் காரணம் இப்போது தெரிந்தது. கொடுத்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிய கணக்கு அது. கைக்கு வராமலே போனதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. வராத பொருளுக்கு யாரும் ரசீது தருவதில்லை.

அன்று சாப்பிடும்போது சொன்னாள். டேல் பீட்ரூட்டில் ஊறிய முட்டையைக் கத்தியால் பிளந்துகொண்டே கேட்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று மட்டும் கேட்டான்.

"நீ. விடியக்காலம் மூணரைக்குப் போறே, ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துடறே. ஒண்ணரையிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் சொல்லிக் குடு. காலைல அவங்களே படிச்சுப்பாங்க."

"நாலு மணி நேரம்தானே. என்ன பெரிய வேலை."

வெர்னா முட்கரண்டியைக் கீழே வைத்தாள். ஏழு வருஷத்தை அவன் மூன்று சொல்லில் மடித்துவிட்டது உறைத்தது. ஆனால் அவனே வந்து வலையில் உட்கார்ந்திருக்கிறான், கலைக்க வேண்டாம் என்று அதை விட்டுவிட்டாள். பிறகு இன்னொன்று சொன்னாள். ஆகஸ்ட் முதல் தேதிக்குள் மாவட்ட அலுவலகத்துக்கு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் மேற்பார்வையாளர் என்று ஏழு வருஷமாக அவள் பெயர் போகிறது. இந்த வருஷம் அவன் பெயர் போகட்டும்.

டேல் தண்ணீரைக் குடித்தான். பேர் யாருடையதாக இருந்தால் என்ன, அவளே போட்டுவிடலாமே என்றான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்து கொடுக்கிற காகிதம், நான் செய்யாத வேலையை நான் செய்கிறேன் என்று எழுத மாட்டேன் என்றாள். சிறுபெண்ணிலிருந்தே அவள் அப்படித்தான். டேலுக்கு அது தெரியும். 

வியாழக்கிழமை மத்தியானம் இருவரும் பெவ் உம்ஹோல்ட்ஸின் கடைக்குப் போனார்கள். வண்டி எண் பலகை, மீன்பிடி அனுமதிச் சீட்டு, சான்றுறுதி முத்திரை மூன்றும் அந்தக் கடையில் ஒரே மேசையில் கிடைக்கும். இப்போதெல்லாம் முத்திரை இல்லாமலும் பத்திரத்தைக் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் வெர்னா பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெவ்வுக்கு எழுபது வயது, மூக்கின் நுனியில் கண்ணாடி. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அதனால் எந்தப் பத்திரம் வந்தாலும் தானே உரக்கப் படிப்பாள்.

"இந்த வருஷம் ஐயா பேர்லயா? ஏழு வருஷம் கழிச்சு இந்தக் காகிதத்துல ஒரு ஆம்பளை பேரைப் பாக்கறேன். ஏம்மா வெர்னா, எப்படிம்மா பிடிச்சு இழுத்துட்டு வந்தே?"

டேல் சிரித்தான். பெவ் படிக்கத் தொடங்கினாள். பிள்ளைகளின் பெயர், வயது, முகவரி. கீழே ஒப்பமிடும் மேற்பார்வையாளர் கல்வி அளிக்கும் பொறுப்பை ஏற்கிறார் என்றும், பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும் என்றும், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழோ அதற்கு நிகரானதோ அவரிடம் உள்ளது என்றும். அவள் நிறுத்தவில்லை, அப்படியே கடைசிவரை ஓட்டினாள். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, கையைத் தூக்கச் சொன்னாள்.

டேலின் கை எழவில்லை. அவன் சுவரில் ஒட்டியிருந்த நன்னீர் மீன்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறிக்கொண்டு போனதை வெர்னா பார்த்தாள். அவன் கோபமாக இருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"பெவ், கொஞ்சம் இருங்க. வெர்னா, ஒரு நிமிஷம் வெளிய வா."

பெவ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையெழுத்து இல்லை என்றால் கட்டணமும் இல்லை, பத்திரம் மேசையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அடிக்காத தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் டேல் முன்னால் தெரிந்த செங்கல் சுவரையே பார்த்தான்.

"என்கிட்ட அது இல்ல."

"எது இல்ல?"

"சர்டிஃபிகேட். பதினொண்ணாவதோட நின்னுட்டேன். அப்பா கல் குவாரில முதுகை உடைச்சுக்கிட்டாரே, அந்த வருஷம். ஆறு மாசத்துல திரும்பி வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். உன்னை மாதிரி ஆளுங்க திரும்பி வரதில்லன்னு துணைத் தலைமையாசிரியர் சொன்னான். அவன் சொன்னபடியே ஆயிடுச்சு."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். கூடப் படித்தவர்கள் ஐந்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை கூடும்போதெல்லாம் அவன் போகாமலிருந்தது, அந்தக் கட்டிடம் என்று சொல்லும்போது உதடு கோணியது, பத்திரம் போடுகிற வாரமெல்லாம் வண்டியில் கூடுதல் சுற்று வந்து மாட்டிக்கொண்டது எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குள் இடம் மாறி உட்கார்ந்தன.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"பள்ளிக்கூடம் முடிச்சியான்னு கேட்டுட்டா கல்யாணம் பண்ணிப்பாங்க?"

 இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றான் டேல். அவள் உள்ளே போய் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரு நிமிஷ வேலை. சொல்லிக்கொடுப்பதை அவன் பார்த்துக்கொள்வான். வேலைக்கும் அவள் போகலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

வெர்னா யோசிக்காமல் இல்லை. செய்யக்கூடிய காரியம்தான், ஊரில் இதைவிடப் பெரிய வளைவுகளை வளைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் உட்கார்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜூன் மாதம் மதிப்பீட்டாளர் உதட்டைப் பிதுக்கினால் அது அவள் பெயர். மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் அது அவள் பெயர். செவ்வாய்க்கிழமை யாருடைய வாயிலோ கை இருக்கும்போதும் அந்தச் சாப்பாட்டு மேசை அவள் முதுகிலேயே இருக்கும். சம்பளம் ஒன்று கூடுமே தவிர வேலை ஒன்று குறையாது. ஒவ்வொரு ராத்திரியும் வந்து வகுத்தல் சரிபார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு இப்போதே தெரிந்தது.

"நீ படிப்பை முடிக்கல. அது எனக்கு ஒண்ணுமில்ல, டேல். உங்க அப்பா படுத்துட்டார், நீ மூட்டை தூக்கப் போனே, அதுல வெக்கப்பட என்ன இருக்கு? ஆனா மே மாசம் நாப்பது பேர் முன்னாடி நின்னு அறுநூத்து நாப்பதுன்னு சொன்னியே, அப்ப உனக்குத் தெரியும். நான் ஒரு நாள் முடியாதுன்னு படுத்தா இந்தப் பள்ளிக்கூடத்தை மூடணும்னு தெரியும். எனக்குப் பதிலா நிக்க ஆளே இல்லன்னு உனக்கு மட்டும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே மலிவுன்னு சொன்னே."

"உன்னை ஒரு நாளும் மட்டமாப் பேசினதில்ல நான்."

"பேசல. கணக்குல சேக்கல."

அவள் கைப்பேசியை எடுத்து அங்கேயே, அவன் பக்கத்திலேயே, டாக்டர் லென்ட்ஸைக் கூப்பிட்டாள். செப்டம்பர் இரண்டாம் தேதியிலிருந்து வருகிறேன் என்றாள்.  மேசையில் கிடந்த பத்திரத்தை எடுக்க இருவரும் திரும்பிப் போகவில்லை. டேல் வண்டியைக் கிளப்ப வெகுநேரமாயிற்று. கிளப்பும் முன் ஒன்று மட்டும் கேட்டான்.

"பிள்ளைங்ககிட்ட நான் சொல்றேன். நீ சொல்லாதே."

அந்த ஒன்றுக்காக வெர்னா அவனை மனதுக்குள் கொஞ்சம் மதித்தாள். நிறைய இல்லை.

அன்று மாலை பன்றியிறைச்சியும் பீன்ஸும் வேகும்போது அவன் சொன்னான். சுற்றி வளைக்காமல் சொன்னான்: பள்ளியை அவன் முடிக்கவில்லை, அதனால் பத்திரத்தில் அவன் கையெழுத்துச் செல்லாது, அம்மா வேலைக்குப் போகிறாள், ஆகஸ்ட் கடைசியில் இரண்டு பேரும் பள்ளிக்குப் போகிறார்கள். லிடியா அழுதாள், எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை போலிருந்தது, ஐந்து நிமிஷத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்குமா என்று கேட்டாள். கிரெட்டா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதில் ஒருவரை மன்னிப்பதற்கு முன்னால் கேட்டுத் தீர்க்க வேண்டிய கேள்விகள் இருக்கும்.

"அப்ப உனக்கு அல்ஜீப்ரா தெரியாதாப்பா?"

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியல. எனக்குத் தெரியும்னு அம்மா நினைச்சுட்டாங்க, நானும் கேக்காமலே இருந்துட்டேன்."

வெர்னா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொதுப் பள்ளி இலவசம் என்று சொன்னவர் அந்த ஆகஸ்டில் கையில் கிடைத்திருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். நான்காம் வகுப்புக்கு லிடியா கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் இரண்டு பக்கம் இருந்தது. பசைக்குச்சி இருபத்து நான்கு. ஒரு பிள்ளை ஒரு வருஷத்தில் இருபத்து நான்கு பசைக்குச்சிகளை வைத்துக்கொண்டு எதை எதோடு ஒட்டும் என்று அவள் கடையிலேயே நின்று கேட்டாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள், அவர்கள் கேட்டு அலுத்த கேள்வி அது. மூக்குத் துடைக்கும் காகிதம் ஆறு பெட்டி. பள்ளியிலேயே விட்டுவைக்க ஒரு ஜோடி காலணி. கணினிக்குக் காப்பீடு. இசைக்குழுச் சட்டை. சட்டைக்குக் காசு சேர்க்க வீடு வீடாக விற்பதற்கு நாற்பது பெட்டி சாக்லேட். டேல் ரசீதுகளைக் கையில் எடுத்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி உறையில் போட்டுவிட்டான்.

சேர்ப்பதற்கு முன்னால் இருவருக்கும் தேர்வு வைத்தார்கள். கிரெட்டா வாசிப்பில் இரண்டு வருஷம் முன்னால் இருந்தாள், கணக்கில் ஒரு வருஷம் பின்னால். ஆலோசகர் அந்தத் தாளை வெர்னாவின் பக்கம் திருப்பி வைத்து, மிகவும் மரியாதையாக, வீட்டில் கணக்கு யார் நடத்தியது என்று கேட்டாள். ஏழு வருஷம் யாரும் கேட்காத கேள்வி. ஏழு வருஷத்தில் நடந்த எல்லாவற்றிலும் அந்த ஆலோசகருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். நான்தான் என்று வெர்னா சொன்னாள். வீட்டுப்படிப்பு தோற்றதா ஜெயித்ததா என்று அவளுக்கு அந்தத் தாளிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வாசிப்பும் அவள் நடத்தியதுதான். அதை யார் நடத்தியது என்று ஆலோசகர் கேட்கவில்லை.

செப்டம்பர் இரண்டாம் தேதி அவள் வேலைக்குப் போனாள். கருவிகள் மாறியிருந்தன, நாற்காலி மாறியிருந்தது, முதல் நாள் மணிக்கட்டு வலித்தது. மூன்றாவது நாள் கைக்குப் பழைய ஓட்டம் வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு, தபால் நிலைய ஊழியர் ஒருவரின் கீழ்க்கடைவாய்ப் பல்லில் அவள் மும்முரமாக இருந்தபோது, வரவேற்பில் இருக்கும் ஆர்லீன் கதவை மெல்லத் திறந்தாள்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து போன். சின்னவளுக்குக் காய்ச்சலாம், வந்து கூட்டிட்டுப் போகணுமாம். அவங்க ஃபைல்ல உன் பேர்தான் இருக்காம்."

ஏழு வருஷமாக எந்த அழைப்புக்கும் அவள்தான் எழுந்திருக்கிறாள். கால்கள் இப்போதும் தாமாகவே கொஞ்சம் நகர்ந்தன. கையுறையைப் பாதி கழற்றியும்விட்டாள். தபால் நிலையக்காரர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதிக் குடுத்த அவசர அட்டையில முதல் நம்பர் டேலோடதுன்னு சொல்லு, ஆர்லீன். தூங்கிட்டிருப்பார். எடுக்கலைன்னா மறுபடியும் அடிக்கச் சொல்லு. எடுக்கற வரைக்கும் அடிக்கச் சொல்லு."

கையுறையைத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பதினோரு மைல். அவன் எழுந்து, சட்டை மாட்டி, மலைத்தொடரைத் தாண்ட அரை மணி ஆகும். காய்ச்சல் எவ்வளவு என்று கேட்காமல் விட்டது உறுத்தியது. கேட்டால் போக வேண்டியிருந்திருக்கும் என்பதும் தெரிந்தது. அவள் பல்லைப் பார்த்தாள்.

இரண்டரைக்கு ஆர்லீன் மறுபடி எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டேல் லைன்ல இருக்கார். பள்ளிக்கூட வாசல்ல நிக்கறாராம். மணி அடிச்சு, கேமராவுக்கு முன்னாடி நின்னு பேர் சொன்னாத்தான் கதவு திறக்குமாம். யார் பேரைச் சொல்றதுன்னு கேக்கறார்."

"அவர் பேரைச் சொல்லச் சொல்லு" என்றாள் வெர்னா. விளக்கை ஒரு விரற்கடை கீழே இழுத்து, தபால் நிலையக்காரரிடம், இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும்படி சொன்னாள்.